மேட்டு வரிசையில் ஒரு காலி இடம்

மே மாசக் கடைசியில், மெமோரியல் டே வார இறுதியில், எங்கள் முகாமில் யாரும் ஏரியைப் பார்த்து உட்கார மாட்டோம். நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாலையைப் பார்த்துத்தான் உட்காருவோம். கட்டிலும் அடுப்புமாக இருக்கிற டிரெய்லரை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் அதைப் பின்னுக்குத் தள்ளித் தங்கள் இடத்தில் நிறுத்தப் படும் பாட்டை விட நல்ல வேடிக்கை மினசோட்டாவில் வேறெங்கும் கிடைக்காது. புருஷன் ஓட்டுவான். பெண்டாட்டி பின்னால் நின்று கையை ஆட்டுவாள். அவன் கண்ணாடியில் அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பான். மரத்தில் இடித்த பிறகு இரண்டு பேரும் மறுநாள் காலை வரை பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அன்றைக்கு நானும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பதினாலாம் இடம் எங்களுடையது. பதினைந்தாம் இடம் என் தங்கை கொரினுடையது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். அவள் டிரெய்லரை மட்டும் தலைமாற்றி நிறுத்துவோம். அப்போதுதான் இரண்டு கதவுகளும் எதிரெதிரே திறக்கும். இரண்டு பக்கத்துப் பந்தல்துணியையும் இழுத்துவிட்டால் நடுவில் ஒரு கூடம் மாதிரி ஆகிவிடும். மழை கொட்டினாலும் அதற்கடியில் உட்கார்ந்து சீட்டாடுவோம். கொரின் வருவதற்குள் அவளுடைய மேஜையைத் துடைத்து, பைன் ஊசிகளைக் கூட்டித் தள்ளி, உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

சாலையில் வந்தது அவர்களுடைய டிரெய்லர் இல்லை. முதலில் ஒரு புது டிரக் வந்தது. அதன் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி, வெள்ளையும் செம்புமாக, ஒரு வீடே வந்தது. ஃபிஃப்த் வீல்! பம்பரில் மாட்டி இழுக்கிற எங்கள் டிரெய்லர்களைப் போல இல்லை. டிரக்கின் பின்தட்டுக்கு நடுவிலேயே கொக்கி வைத்து மாட்டுகிற ஜாதி. எங்கள் கீழ் வரிசைக்கு அந்த மாதிரி வண்டிகள் வருவதே இல்லை. வழி தவறி வந்துவிட்டார்களாக்கும் என்று நினைத்தேன். அப்போது டிரக்கின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு ஆடியது.

"அக்கா! அக்காவ்! நாங்கதான்!"

அந்த வண்டி பதினைந்தாம் இடத்தைத் தாண்டியது. என் ஹாட்டிஷையும் தாண்டியது. மேட்டில் ஏறி, பெரிய வண்டிகள் நிற்கிற மேட்டு வரிசைக்குப் போய், நாற்பதாம் இடத்தில் ஒரே தடவையில் நேராக உள்ளே நுழைந்து நின்றது. கொரினின் புருஷன் டுவெய்ன், பழைய டிரெய்லரை வைத்து மூன்று மரங்களைக் காயப்படுத்தியவன், ஒரே தடவையில் நிறுத்தினான். மேட்டிலிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெர்னடீன், "உன் தங்கச்சியா அது?" என்றாள்.

"தங்கச்சி மாதிரிதான் தெரியுது" என்றேன்.

என் புருஷன் ஹார்லன் அதற்குள் எழுந்து மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தான். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான், சர்ச்சுக்குள் போகிறவனைப் போல.

எனக்கு வயிறு எரிந்தது. சுற்றி வளைத்துச் சொல்வானேன்? அந்த நிமிஷம் பற்றிக்கொண்ட எரிச்சல் செப்டம்பர் வரை அணையவில்லை.

மறுநாள்தான் மேலே போனேன். உடனே போனால் அலைகிறேன் என்று நினைப்பாள். வாசலில் ஏறும்போதே கொரின் சொன்னாள்:

"அக்கா, செருப்ப மட்டும் கழட்டிடு. தரை புதுசு."

அவளுடைய பழைய டிரெய்லருக்குள் சேறும் சகதியுமாக, மீன் வாளியோடெல்லாம் நான் போயிருக்கிறேன். ஒரு தடவை ஈரத் துணியோடு அவள் கட்டிலிலேயே தூங்கியும் இருக்கிறேன். இப்போது செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றினேன்.

உள்ளே சமையல் மேடை நடுவில் தனியாக நின்றது. அதைச் சுற்றி நடக்கலாம். ஃபிரிட்ஜ் என் வீட்டு ஃபிரிட்ஜை விடப் பெரிது. பொத்தானை அமுக்கினால் நெருப்பு எரிகிற மாதிரி காட்டுகிற ஒரு கணப்பு. அதற்கு எதிரில் இரண்டு சாய்வு நாற்காலிகள், கால் நீட்டிக்கொள்கிற வகை. துணி துவைக்கிற இயந்திரம் ஓர் அலமாரிக்குள் ஒளிந்திருந்தது. கொரின் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினாள். நான் ஒவ்வொன்றையும் பார்த்து, "ம்" என்றேன்.

"மேல வாக்கா, பெட்ரூம் பாரு."

"படியெல்லாம் இருக்கேடி. உன் முட்டி தாங்குமா?"

"நாலே படிதான்க்கா."

"இன்னிக்கு நாலு. இன்னும் கொஞ்ச வருஷம் போனா அதுவே நாப்பது மாதிரி இருக்கும்."

அவள் சிரித்தாள். மேலே போனோம். கட்டிலின் இரண்டு பக்கமும் நடக்க இடம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு 'ம்' கூட வரவில்லை. எங்கள் டிரெய்லரில் கட்டில் சுவரை ஒட்டி இருக்கும். சுவர்ப் பக்கம் படுக்கிறவன் ஹார்லன். அவன் வெளியே போக வேண்டுமென்றால் என் மேல் ஏறித்தான் போக வேண்டும். இந்த வயதில் அவனுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. என் தங்கை அந்தக் கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து காட்டினாள். வேண்டுமென்றே காட்டினாளோ, சும்மா நடந்தாளோ, எனக்கு அது வேண்டுமென்றே என்றுதான் பட்டது.

"பதினஞ்சுல ஏன்டி நிறுத்தல?" என்று கேட்டேன்.

"அந்தப் பைன் கிளை இடிக்கும்க்கா. உசரம் பத்தாது." ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "அதோ, பக்கத்துல நாப்பத்தொண்ணு காலியாத்தான் கெடக்கு. இங்கேருந்து தெரியறத விட ஏரி அங்கேருந்து நல்லாத் தெரியும். பாத்தியா?"

பார்த்தேன். அந்தக் காலி இடத்தில் இரண்டு மடக்கு நாற்காலிகளும் ஒரு பூந்தொட்டியும் இருந்தன. கொரினின் நாற்காலிகள்.

"ஒரு எடம் போதலையா உனக்கு? பக்கத்து எடத்தையும் வளைச்சுப் போட்டாச்சா?"

கொரின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று இறங்கிவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கீழே வந்ததும் பெர்னடீனும் மற்றவர்களும் கதை கேட்க வந்துவிட்டார்கள். நானும் குறை வைக்கவில்லை.

"வீடு வேணும்னா ஊர்லயே இருக்கலாமே, ஏரிக்கு எதுக்கு வரணும்? உள்ள கணப்பு இருக்கு, ஆனா சுடாது. மீன் கழுவின கையோட ஒரு கதவத் தொட முடியாது. அந்த மூக்கத் தூக்கிட்டு நிக்கறதப் பாரு, ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிக்க வந்த மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரத்திலிருந்து கீழ் வரிசையில் கொரினின் வண்டிக்கு ஒட்டகச்சிவிங்கி என்றே பெயர் ஆகிவிட்டது. யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். மேட்டைப் பார்த்தால் அந்த ஆறுதல் போய்விடும்.

ஜூன் பாதியில் ஹார்லன் ஒரு நாள் காப்பி குடித்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தான்.

"மார்லிஸ், நாமளும் எப்பவாச்சும் அந்த மாதிரி ஒண்ணு..."

"எந்த மாதிரி?"

"இல்ல, டுவெய்ன் சொல்றான், இழுக்கும்போது காத்துல ஆடறதே இல்லயாம். டிரக்குக்கும் அதுக்கும் ஒரே உடம்பு மாதிரியாம். லாரி பக்கத்துல போனாக்கூட..."

"அந்த ஒட்டகச்சிவிங்கிக்குள்ளயா? என்னப் பாத்தா அப்படித் தெரியுதா? அதுக்குக் கூடாரம் போட்டுத் தரையில படுத்துக்குவேன். கொரின் வாங்கினா நானும் வாங்கணுமா? அவ ஏரில குதிச்சா?"

"சும்மா கேட்டேன்."

"கேட்டாச்சில்ல?"

அவன் அதற்கப்புறம் கேட்கவில்லை. இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஒரு பெண்பிள்ளை முதல் தடவையே சரி என்று சொல்லிவிடுவாளா?

அவன் தினமும் மேட்டுக்குப் போனான். கொரின் என்னைச் சீட்டாடக் கூப்பிட்டாள். சில நாள் போனேன். அங்கே விஸ்கான்சினிலிருந்து வந்த ட்ரூடி என்று ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். மேட்டின் பின் வரிசையில் அவளுக்கும் ஒரு ஃபிஃப்த் வீல். நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு மீன் பிடிக்கிறவள். கொரினை "கோரி" என்று கூப்பிடுவாள். பிறந்ததிலிருந்து நான் அவளைக் கோரி என்று கூப்பிட்டதில்லை. ஒரு நாள் நான் போவதற்குள் அவர்கள் சீட்டைப் பிரித்து ஆட ஆரம்பித்திருந்தார்கள். கொரினுக்கு எதிர் நாற்காலி, என் நாற்காலி, ட்ரூடியிடம் இருந்தது.

"வாக்கா, அடுத்த ஆட்டத்துல சேந்துக்கோ."

"இல்லடி, சும்மா உப்பு கேக்க வந்தேன்."

உப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் அலமாரியில் ஏற்கெனவே உப்பு இருந்தது.

கீழே என்ன பேசினாலும், எனக்குள் என்ன நடந்தது என்பது வேறு. பொதுக் குளியலறைக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற அறை இருக்கிறது. அங்கே இன்டர்நெட் நன்றாக வரும். துணி சுழலும் நேரம் முழுக்க ஃபோனில் ஃபிஃப்த் வீல் வீடியோவாகப் பார்த்தேன். முதலில் சமையலறைகளைப் பார்த்தேன். அப்புறம் படுக்கையறைகள். பார்க்க வேண்டிய அறையெல்லாம் தீர்ந்துபோன பின், மாட்டுவது எப்படி, கழற்றுவது எப்படி, புதிதாக வாங்கினவர்கள் செய்கிற தப்புகள் என்ன என்று அதையும் பார்த்தேன். தாடிக்காரர் ஒருவர் தினமும் எனக்குப் பாடம் எடுத்தார். கோடையில் எங்கள் வீட்டுத் துணி அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை.

ஒரு நாள் மளிகை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, டவுனுக்கு வெளியே டிரெய்லர் விற்கிற மைதானத்துக்கே போய்விட்டேன். விற்பனைக்காரப் பையன் ஒரு ஃபிஃப்த் வீலைத் திறந்து காட்டினான். செருப்போடு உள்ளே போனேன். நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் படுத்தேன். வலது பக்கம் இறங்கிப் பார்த்தேன், இடது பக்கம் இறங்கிப் பார்த்தேன்.

"எல்லாரும் இதைத்தான் பண்றாங்க மேடம்" என்றான் பையன். "வசந்தத்துல ஒரு பெரியவர் வந்தாரு. அந்தப் பக்கமா ஏறி ஏறி எறங்கினாரு. பொண்டாட்டிய எழுப்பாம எறங்க முடியுதான்னு பாக்கறாராம்."

"நல்ல மனுஷன்" என்றேன். எவளோ கொடுத்து வைத்தவள் என்று அவள் மேலும் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

செப்டம்பர் தொடக்கத்தில் லேபர் டே வந்தது. முகாமை மூடுகிற நாள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புவதற்கு முன், மாட்டின வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். படி மடக்கியிருக்கிறதா, சங்கிலி போட்டாயிற்றா, விளக்கு எரிகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று. அதை வண்டிக்காரர்களே செய்யக் கூடாது. சொந்த வண்டி என்றால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று கண் நம்பிவிடும். அதனால் கொரின் வண்டியை நான் சுற்றுவேன். என் வண்டியை அவள் சுற்றுவாள். எல்லாம் சரி என்றால் வண்டியின் பின்பக்கம் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அந்தத் தட்டு விழாமல் நாங்கள் இருவரும் ஒரு வருஷமும் கிளம்பியதில்லை.

அன்று காலை நான் மேட்டுக்குப் போகவில்லை. அங்கேதான் ட்ரூடி இருக்கிறாளே, அவள் தட்டட்டும். நகச் சாயம் உதிரட்டும். பாத்திரங்களை எடுத்து வைத்தேன். அடுக்கினேன். திரும்ப எடுத்து அடுக்கினேன். கொரினின் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று என்னிடம் இருந்தது. ரூபார்ப் கேக் வைத்து அனுப்பியது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் மேலே போனேன். வேறெதற்கும் இல்லை.

மேலே நல்ல கூட்டம். காப்பிக் கோப்பையும் கையுமாக மேட்டுக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஹார்லனும் அங்கேதான் இருந்தான். ட்ரூடி நாற்பத்தொன்றாம் இடத்தில் கொரினின் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். டுவெய்ன் டிரக்கைப் பின்னால் கொண்டுவந்து மாட்டிக்கொண்டிருந்தான். வசந்தத்தில் வாங்கியபோது கடைக்காரர்களே மாட்டிக் கொடுத்தார்கள். இங்கே வந்து கழற்றினதோடு சரி. அவன் தன் கையால் மாட்டுவது இதுதான் முதல் தடவை.

பழைய டிரெய்லர் என்றால் எப்படி மாட்டுவோம்? வண்டியின் மூக்கை நன்றாக உயரத் தூக்கி வைத்து, பம்பர் உருண்டையை அதற்கடியில் கொண்டுவந்து, பிறகு மூக்கை இறக்கி உருண்டையின் மேல் உட்கார வைப்போம். அத்தனை வருஷமும் டுவெய்ன் அப்படித்தான் செய்தான். கைக்கு அதுதான் தெரியும். இன்றைக்கும் அப்படியே வண்டியின் இரும்பு முன்கால்களை நீட்டி மூக்கை உயர்த்தி வைத்துவிட்டு, டிரக்கைப் பின்னால் விட்டு, கால்களை மடக்கி இறக்கிக்கொண்டிருந்தான். ஃபிஃப்த் வீலில் அது ஆகாது. மூக்கு ஒரு விரல் தாழ்ந்துதான் இருக்க வேண்டும். டிரக்கில் இருக்கிற தட்டு அதற்கடியில் புகுந்து, தூக்கி, மூக்கிலிருந்து தொங்குகிற இரும்பு முளையைத் தன் தாடைக்குள் வாங்கி, டமார் என்று கவ்வ வேண்டும். எனக்கு அந்த டமார் கேட்கவில்லை.

நான் நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் பார்த்தேன். மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு வெளிச்சம். அந்த இடுக்கு வழியாக ஏரி தெரிந்தது. முளை தாடைக்குள் போகவில்லை. தாடையின் உச்சியில் சும்மா உட்கார்ந்திருந்தது. டிரக் ஓரடி நகர்ந்தால் அந்த மாளிகை முழுக்க நழுவி டிரக்கின் முதுகில் விழும்.

விழட்டும் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். அந்தக் கணப்பும் அந்தக் கட்டிலும் சேர்ந்து விழட்டும். ட்ரூடியின் வாய் பிளப்பதை ஒரு நொடி மனதில் பார்த்துக்கொண்டேன், நன்றாகத்தான் இருந்தது. டுவெய்ன் கால்களை முழுக்க மடக்கிவிட்டு டிரக்கில் ஏறினான். அப்போது கொரின் விளக்குக் கம்பியைச் சொருக, டிரக்கின் பக்கச் சுவர் மேல் கையை நீட்டிக் குனிந்தாள். மேலே அந்த மூக்கு.

"டுவெய்ன்! நகத்தாதே! கொரின், கைய எடு! எடுடி கைய!"

என் கையிலிருந்த கண்ணாடிப் பாத்திரம் எங்கே விழுந்தது என்று இன்றைக்கும் தெரியாது. எல்லோரும் திரும்பினார்கள். டுவெய்ன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"என்ன மார்லிஸ்? மாட்டியாச்சே."

"மாட்டல. முளை தாடைக்கு மேல ஒக்காந்துருக்கு. அந்த சந்துல பாரு, வெளிச்சம் தெரியுது. வெளிச்சமே தெரியக் கூடாது. எஞ்சின நிறுத்து. மொதல்ல காலத் தரையில ஊனு. தூக்கி விடு. டிரக்க வெளிய எடு. மூக்க தட்ட விட ஒரு வெரல் தாழ வெச்சுட்டுத் திரும்ப வா. சத்தம் கேக்கற வரைக்கும் தள்ளு. அப்பறம் கால் தரையில இருக்கும்போதே வண்டி பிரேக்கப் பிடிச்சுக்கிட்டு மெதுவா முன்னால இழுத்துப் பாரு. அதுக்கு முன்னால காலத் தூக்கக் கூடாது. எவன்யா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தான்?"

மேட்டுக்காரர் ஒருவர் குனிந்து அந்த இடுக்கைப் பார்த்தார். "ஐயோ கடவுளே" என்றார். அவர் பங்குக்கு அதுதான்.

டுவெய்ன் நான் சொன்னபடி செய்தான். இரண்டாவது தடவை டமார் என்று கேட்டது. இழுத்துப் பார்த்தான், வண்டி அசையவில்லை. இடுக்கில் ஏரி மறைந்துபோயிற்று.

கொரின் தன் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னையே பார்த்தாள்.

"அக்கா. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன்."

"எங்க?"

"ஃபோன்ல. துணி தொவைக்கற எடத்துல. கோடை முழுக்க." ஹார்லன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? "ஏன்னு கேக்கறியா? எனக்கும் வேணும். கட்டிலச் சுத்தி நடக்கணும். போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், வசதியாக இருந்திருக்கும். கொரின் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். கோபம்தான் அது. அவளுக்குக் கோபம் வந்தாலும் கண்ணில்தான் வரும்.

"நாப்பத்தொண்ணு யாருக்குன்னு நெனச்ச? அந்த ரெண்டு நாற்காலி யாருக்குன்னு நெனச்ச? அத்தானும் இவரும் சேந்து வசந்தத்துலயே ரெண்டு வண்டி பாத்து வெச்சாங்க. நாங்க மொதல்ல வாங்கறது, நீ வந்து பாத்து ஆசப்பட்டதும் அத்தான் உனக்கு வாங்கறது. மூணு மாசம் அந்த எடத்த யாருக்கும் விடாம பிடிச்சு வெச்சிருந்தேன். நீ என்னடான்னா ஒட்டகச்சிவிங்கிங்கற!"

"உனக்குத் தெரியுமா அது?"

"இந்த முகாம்ல யாருக்குத் தெரியாது? அத்தான் வந்து, 'அவ கூடாரத்துல படுத்தாலும் படுப்பா, இதுல வரமாட்டா'ன்னு சொல்லிட்டாரு. நேத்துதான் விட்டுக் குடுத்தேன்."

"யாருக்கு?"

ட்ரூடி நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து நின்றாள். பூந்தொட்டிப் பக்கத்தில் அவளுடைய காப்பிக் கோப்பை இருந்தது.

கோடை முழுக்க எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. கணப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், எதன் மேலும் எனக்கு அந்த அளவு எரியவில்லை. அந்த இரண்டு மடக்கு நாற்காலிகளைப் பார்த்தபோது எரிந்தது. என்னுடைய நாற்காலிகள்.

வழக்கத்தை விட முடியாது. கொரினின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினேன். படி, விளக்கு, டயர், ஜன்னல் எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பின்பக்கம் போய் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். கையெல்லாம் வலித்தது. வண்டி சாலைக்கு இறங்கி, வளைவில் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. காற்றில் ஆடவே இல்லை. ஹார்லன் சொன்னது சரிதான்.

கீழே வந்து எங்கள் டிரெய்லரை மாட்டினோம். மூக்கை உயரத் தூக்கி, இறக்கி, உருண்டையில் உட்கார வைத்தோம்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்ல விட்டியா?" என்றான் ஹார்லன். சங்கிலியை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "கடையில போயி படுத்தெல்லாம் பாத்தேன். சத்தமில்லாம எறங்க வந்துச்சு" என்றான்.

அந்தப் பையன் சொன்ன பெரியவர். எவளோ கொடுத்து வைத்தவள் என்று நான் எரிச்சல் பட்ட அந்த எவளோ. நான் டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி, நானே ஒரு சுத்து பாத்துடறேன்" என்றான் அவன்.

"வேண்டாம். சொந்தக் கண்ணு."

"அப்ப யாரு பாப்பா?"

பதினைந்தாம் இடத்தைப் பைன் ஊசிகள் விழுந்து மூடியிருந்தன. பெர்னடீன் முந்தின நாளே போய்விட்டாள். ஏறி உட்கார்ந்து கிளம்பிவிடலாம் என்று டிரக்கின் கதவைத் திறந்தபோது, முகாம் வாசல் பக்கமிருந்து சாலையில் யாரோ வேகமாக நடந்து வருவது தெரிந்தது. அந்த வண்டியை எங்கள் கீழ்ச் சாலையில் திருப்ப முடியாது. வாசலில் நிறுத்திவிட்டு கொரின் நடந்தே வந்திருந்தாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது.

அவள் நேராகப் போய் டிரெய்லரைச் சுற்ற ஆரம்பித்தாள். சங்கிலியை இழுத்துப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். கதவுப் பக்கம் வந்ததும் நின்றாள்.

"படிய மடக்கல" என்றாள்.

மடக்கவில்லைதான். நான் போய் மடக்கினேன். அவள் அங்கேயே நின்று, என் தலைக்கு மேல் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஆபீஸ்ல கேட்டேன். மேட்டு வரிசையில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு எடம் அடுத்த வருஷத்துக்கு எங்கயும் இல்ல. கடைசில, குப்பைத்தொட்டிகிட்ட மட்டும் ரெண்டு காலியா இருக்கு. யாரும் எடுக்கறதில்லயாம். ஏரி தெரியாது. நாப்பத விட்டுக் குடுத்துட்டு அங்க வந்துடறோம்னு சொன்னேன். நீ வருவேன்னாதான். இப்பச் சொன்னா இப்பவே எழுதிக்குவாங்க."

அப்படியென்றால் நாற்பதாம் இடத்தை யார் எடுப்பார்கள்? ஏரியைப் பார்த்த இடம். ட்ரூடிக்கு வேண்டியவர்கள் யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த நேரத்திலும் அதை நினைத்து எனக்கு எரிந்தது. ஹார்லன் டிரக்கின் மறு பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தொட்டிக்கு எவ்ளோ பக்கத்துல?" என்று கேட்டேன்.

"ஒண்ணு ஒட்டியே இருக்கு. இன்னொண்ணு அதுக்கு அடுத்தது."

"கரடி வருமே."

"வரும்."

கொரின் காத்திருந்தாள். காற்றில் அவள் தலைமுடி முகத்தில் விழுந்தது, ஒதுக்கிக்கொள்ளவில்லை. சின்ன வயதில் என்னிடம் எதையாவது கேட்டுவிட்டு இப்படித்தான் நிற்பாள், இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்று.

"தொட்டிய ஒட்டின எடம் உனக்கு" என்றேன்.

"தெரியும்" என்றாள். என்னைத் தாண்டிப் பின்பக்கம் போய், எங்கள் பழைய டிரெய்லரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.